காலை இரண்டு இழுப்பு, இரவு இரண்டு இழுப்பு

ஐப்பசி மாதம் இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். ஜெகதாப்பட்டினத்தில் தூறல். வடக்கேயிருந்து வாடை அடித்துக்கொண்டிருந்தது. சன்னலை முதல் நாள் மாலையே சாத்தியிருந்தேன். அப்படியும் தரை ஈரமாக இருந்தது.

அந்த நிமிடத்தில் நான் என் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "பாக்" என்பதற்கு ஒரு மூச்சு, "கி" என்பதற்கு ஒரு மூச்சு, "யம்" என்பதற்கு ஒரு மூச்சு. ஒரு பெயருக்கு மூன்று மூச்சு ஆனது.

நாற்பத்தாறு வருடமாக நான் அவளை "இந்தா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏங்க, என்ன செய்யிது? பேரச் சொல்லிக் கூப்புடுறீங்க?"

பதில் சொல்ல என்னிடம் மூச்சு இல்லை. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்து நான்கு மூச்சு. சாதாரணமாக எனக்குப் பதினாறு.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது எழுபத்திரண்டு. இந்த ஊர் ஐஸ் பிளாண்ட் ஒன்றில் முப்பத்து மூன்று வருடம் கணக்கு எழுதினேன். படகுகளுக்கு எத்தனை பார், அதாவது ஐஸ் பாளம், போகிறது என்று எண்ணுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் திரும்பும். எங்கள் மாடியிலிருந்து துறைமுகத்து வாய் தெரியும். திரும்பி வரும் படகுகளை நான் எண்ணுவேன். எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. அதனால் தெருவில் உள்ள பெண்கள் கீழே நின்று, "அப்பா, எத்தன வந்துச்சு?" என்று கேட்பார்கள். நான் எண்ணைச் சொல்வேன். வேறு யாருக்கும் நான் இப்போது பயன்படுவதாகத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மீன் ஏற்றும் வேனில் என்னை ஏற்றினார். அறந்தாங்கியில் ஆக்ஸிஜன் வைத்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்கு ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் விரலில் ஒரு கிளிப் மாட்டியிருந்தார்கள். ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று அது எண்ணில் காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். எனக்கு எண்பத்தாறு. அந்த எண் மேலே ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். எண்பத்தெட்டு, எண்பத்தேழு, தொண்ணூறு. பாக்கியம் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் தோசை மாவு காய்ந்திருந்தது.

இப்போது மாசி பிறந்துவிட்டது. நன்றாக இருக்கிறேன். அந்த ஒன்பது நாளை எழுத உட்கார்ந்தால், பயத்தைவிட ஏக்கம்தான் அதிகம் வருகிறது. இதைப் பாக்கியத்திடம் சொன்னால் கையில் இருப்பதை என் மேல் எறிவாள். ஆனால் உண்மை அதுதான். அந்த ஒன்பது நாளைப் போல என்னை யாரும் அவ்வளவு கவனித்ததில்லை. நானும் யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை.

முதல் இரண்டு நாள் தீவிரச் சிகிச்சைப் பிரிவு. மணிக்கட்டுத் தமனியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். மற்ற ஊசிகளோடு அதைச் சேர்க்கக் கூடாது. எலும்புக்குள் போவதுபோல் வலித்தது. இரண்டு முறை எடுத்தார்கள். நெபுலைசர் என்பது மருந்தைப் பனிபோல் ஆக்கி முகமூடி வழியாக உள்ளே அனுப்பும் கருவி. ஓடும்போது எங்கள் பிளாண்டின் சின்ன மோட்டார் மாதிரியே சத்தம் போடும். அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்கினேன். மூச்சுக் குழாய் வீக்கத்தைக் குறைக்கும் ஊசி போட்டதால் சர்க்கரை ஏறியது. அதற்காக விரல் நுனியில் குத்தினார்கள், ஒன்பது நாளில் இருபத்திரண்டு முறை.

மூன்றாம் நாள் பேச்சு வந்தது. வார்டுக்கு மாற்றினார்கள். டாக்டர் இளம்பெண், என் மகளைவிடச் சின்னவர். கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டு கேட்டார்.

"சார், உங்களுக்கு ஆஸ்துமாவுக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்த பிளான் இருக்காமே. அதன்படி செஞ்சீங்களா?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஆவணிக் கடைசியில், மூச்சு முட்டுகிறது என்று வெளியூரில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் போயிருந்தேன். அங்கே ஒரு தாளைக் கொடுத்தார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டங்கள், சாலையில் இருக்கும் விளக்குபோல. நன்றாக இருக்கும் நாளில் என்ன செய்வது என்பது பச்சை. கொஞ்சம் மோசமானால் மஞ்சள். மிகவும் மோசமானால் சிவப்பு. எனக்கென்றே என் பெயர் போட்டுக் கையால் எழுதியது. அதோடு இரண்டு இன்ஹேலர்கள், பழுப்பு மூடி ஒன்று, நீல மூடி ஒன்று.

"ஒரு நாள் தவறாமல் செய்தேன்" என்றேன். "நோட்டு இருக்கிறது."

பாக்கியம் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அறுபத்து மூன்று நாள், ஒரு வரிகூட விடாமல் எழுதியிருந்தேன். டாக்டர் புரட்டினார். நெற்றி சுருங்கியது. பிறகு பழுப்பு மூடி இன்ஹேலரைக் கேட்டு வாங்கி அதன் முதுகைப் பார்த்தார். அங்கே ஒரு சின்னச் சன்னல் இருக்கும். இன்னும் எத்தனை முறை மருந்து வரும் என்ற எண் அதில் தெரியும்.

"நூத்தி இருபதுல தொண்ணூத்தாறு மீதி இருக்கு."

"ஆமாம். வீணாக்கவில்லை."

"சார், இந்நேரம் ரெண்டு இன்ஹேலர் முடிஞ்சு மூணாவது ஆரம்பிச்சிருக்கணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபப்பட்டதில் இருமல் வந்தது. நான் மருந்து எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்கிறாரா? முப்பத்து மூன்று வருடம் ஒரு பேரேட்டில் பொய் எழுதாதவன் நான். "தாளில் உள்ளபடி செய்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். டாக்டர் சிஸ்டரைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

சிஸ்டரின் பெயர் ஸ்டெல்லா. ஆவூர்க்காரர். அப்பா, சித்தப்பா, அத்தை எல்லாரும் வாத்தியார்கள் என்று சொல்லியிருந்தார். அவர் மட்டும் ஊசியைப் பிடித்துவிட்டாராம். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, அந்தத் தாள எனக்கு ஒருவாட்டி வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தேன். "பச்சை. பழுப்பு மூடி. காலையில் இரண்டு இழுப்பு வந்தால், இரவில் இரண்டு இழுப்பு வந்தால்..."

"நில்லுங்க. 'வந்தால்'னு எங்க எழுதியிருக்கு?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 'பழுப்பு மூடி. காலை 2 இழுப்பு. இரவு 2 இழுப்பு.' அவ்வளவுதான் இருந்தது. 'வந்தால்' இல்லை. அந்தச் சொல்லை அறுபத்து மூன்று நாளாக நான்தான் சேர்த்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

"இது ஒங்களுக்கு வர்ற இழுப்பு இல்லய்யா" என்றார் ஸ்டெல்லா. "நீங்க மருந்த இழுக்கிற இழுப்பு. நல்லா இருந்தாலும் தினம் காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். என் அப்பாவுக்கு இழுப்பு நோய். மார்கழியில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருப்பார். ஆத்தா வயலிலிருந்து வந்ததும் என்னைத்தான் கேட்பாள்: "ஒங்கப்பாருக்கு இன்னைக்கி எத்தன இழுப்புடா வந்துச்சு?" நான் எண்ணி வைத்திருப்பேன். "மூணு ஆத்தா." அப்போது எனக்கு எட்டு வயது. யோசித்தால், நான் முதன்முதலில் எண்ணக் கற்றுக்கொண்டது அப்பாவின் மூச்சைத்தான். அந்த நோய்க்கு அப்போது எங்களிடம் இருந்தது சுக்குத் தண்ணீரும் எண்ணிக்கையும் மட்டும்தான்.

ஆகவே தாளைப் பார்த்ததும் என் மூளை அதைச் சரியென்றே எடுத்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் காத்திருப்பேன். ஒரு இழுப்பு வந்தால் போதாது, இரண்டு வர வேண்டும். பெரும்பாலான நாள் ஒன்றோடு நின்றுவிடும். 'காலை இழுப்பு 1. மருந்து இல்லை' என்று எழுதிவிட்டுத் திருப்தியாக இருப்பேன். தீபாவளிப் புகையில் மூன்று வந்தது. அன்று மருந்து எடுத்தேன். இப்படிப் பன்னிரண்டு தடவை, இருபத்து நான்கு முறை உள்ளே இழுத்திருக்கிறேன். இழுத்திருக்க வேண்டியது இருநூற்று ஐம்பத்திரண்டு. டாக்டர் வாயால் என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. நான் எப்போதும் எழுத்தில் இருப்பதைத்தான் நம்புகிறவன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துச் சிரித்து, அவருக்கே இருமல் வந்துவிட்டது. அவர் கோட்டைப்பட்டினத்து காதர் பாய். இருபத்து நான்கு வருடம் படகு ஓட்டியவர். பீடியால் நெஞ்சு கெட்டுப்போய் வந்திருந்தார். என்னை வார்டுக்குக் கொண்டுவந்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

"சிஸ்டர், இவர நான் அப்பவே கண்டுபிடிச்சிருப்பேன். இவரு எங்களுக்கு நாப்பது பாருக்குப் பில்லு போட்டு முப்பத்தொம்பது பார் ஏத்துன ஆளு. இப்ப மருந்துலயும் அதே வேலையக் காட்டிருக்காரு."

"பாய், அது உருகல் கணக்கு" என்றேன். "நாற்பதுக்கு ஒன்று உருகலில் போகும். எல்லா பிளாண்டிலும் அதுதான் வழக்கம்."

"ஏத்துறதுக்கு முன்னாடியே எப்புடி கணக்கப்புள்ள உருகும்?"

அதற்கு முப்பத்து மூன்று வருடத்தில் யாரும் பதில் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. பேரேட்டில் பொய் எழுதாதவன் என்று டாக்டரிடம் காலையில்தான் சொல்லியிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான் இப்போது அதிகம் நினைக்கிறேன். காதர் பாயும் நானும் ஆளுக்கொரு ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு பிளாண்டைப் பற்றிப் பேசுவோம். கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் குளிர். மரச்சட்டத்தின் மேல் சறுக்கிக்கொண்டு வரும் பார்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளையாக ஒரு நரம்பு. அரைக்கும் இயந்திரத்தில் போட்டதும் படகின் அறைக்குள் கொட்டும் சத்தம். ஒருமுறை அமோனியா வால்வு கசிந்து எல்லாரும் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு ஓடியபோது, நான் மட்டும் பேரேட்டை எடுக்கத் திரும்பி உள்ளே போனேன்.

"நாந்தான் வெளிய இருந்து 'அட லூசுக் கணக்கப்புள்ள, வாங்கய்யா'ன்னு கத்துனேன்" என்றார் பாய்.

"அது நீங்களா?"

"நான்தான். பேருகூடத் தெரியாது அப்ப."

டாக்டரிடம் இதைச் சொன்னேன். நெஞ்சு கெட அமோனியாவும் ஒரு காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நோயை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. மூச்சுக் குழாயின் உட்சுவர் எப்போதும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. பனியோ புகையோ பட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசையும் இறுகிவிடுகிறது. நீல மூடி மருந்து இறுக்கத்தை உடனே தளர்த்தும். வீக்கத்தை அது தொடாது. பழுப்பு மூடி மருந்துதான் வீக்கத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். அதனால் அது வேலை செய்வது நமக்குத் தெரியாது. தெரியவில்லை என்று நிறுத்திவிடுவோம். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நிறுத்துகிறார்களாம். மீதிப் பேர், பழகிவிடும் என்று பயந்து தொடுவதே இல்லையாம்.

ஸ்டெல்லா புதுத் தாள் எழுத உட்கார்ந்தார். இழுப்பு என்ற சொல்லை மறுபடி போட மாட்டேன் என்றார். பிறகு என்ன போடுவது? 'உறிஞ்சல்' என்று நான் சொன்னேன். காப்பி மாதிரி இருக்கிறது என்றாள் பாக்கியம்.

"தம்முன்னு போடுங்க சிஸ்டர்" என்றார் காதர் பாய். "காலையில ரெண்டு தம், ராத்திரி ரெண்டு தம். எந்த மடையனுக்கும் புரியும்."

கடைசியில் 'பஃப்' என்று எழுதினார். பக்கத்தில் 'தினமும்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். அதற்கும் கீழே, சிவப்பு மையில், 'நன்றாக இருந்தாலும்.'

மருந்தை எடுக்கும் முறையும் நான் தப்பாகவே செய்திருந்தேன். ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் கூடு. அதன் ஒரு முனையில் இன்ஹேலரைச் செருகி அழுத்தி, மறு முனையில் மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். எண்ணுவதைப் பாக்கியம் எடுத்துக்கொண்டாள். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் வேண்டுமென்றே நிறுத்துவாள். நான் கண்ணால் முறைப்பேன். காதர் பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

என் மகள் கோகிலா மட்டும் சிரிக்கவில்லை. புதுக்கோட்டையிலேயே ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் அலுவலகம் விட்டதும் வந்து எனக்குத் தலை வாரிவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் முகச்சவரமும் செய்துவிட்டாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் அவளுக்குத் தலை வாரியதில்லை. பிளாண்டுக்கு விடியுமுன் போய்விடுவேன். ரேசரை என் தாடையில் இழுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு அவ்வளவு கவனமாக இழுப்பாள்.

ஆறாம் நாள் அப்படிச் சவரம் செய்துகொண்டிருக்கும்போதுதான் சொன்னாள்.

"அப்பா, டிஸ்சார்ஜ் ஆனதும் ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்துருங்க. அங்கிட்டு வீட்டப் பூட்டிரலாம்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் என்ன நாள்? இனிமே இங்கதான். ஒரு தாளக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு மாசம் தப்பாவே செஞ்சிருக்கீங்க. அம்மாவும் பக்கத்துல இருந்துருக்காங்க. இனிமே ஒங்களத் தனியா விட்டுட்டு நான் எப்படி ஆபீஸ்ல உக்காந்திருப்பேன்?"

சோப்பு முகத்தோடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. முப்பத்து நான்கு படி. மாப்பிள்ளை தங்கமானவர். சன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். அங்கே நின்று எதை எண்ணுவது? எத்தனை வந்தது என்று யார் என்னைக் கேட்பார்கள்? பாக்கியம் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு பழத்தை அவ்வளவு நேரம் அவள் உரித்து நான் பார்த்ததில்லை.

பில் எவ்வளவு ஆகிறது என்று கேட்டதற்கும் கோகிலா சொல்லவில்லை. "நீங்க மூச்ச எண்ணுங்கப்பா. ரூபாய நான் எண்ணிக்கிறேன்" என்றாள். கவுன்டரில் கேட்டேன், மகள் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள் என்றார்கள். நோயைவிட இது எனக்கு உறுத்தியது. என் வாழ்க்கையில் எனக்கு ஆகும் செலவு எனக்குத் தெரியாமல் இருந்தது அதுவே முதல் முறை.

டாக்டர்தான் நடுவில் வந்தார். ஒன்பதாம் நாள் காலையில் எனக்கு ஒரு ஊதும் குழாயைக் கொடுத்தார். பீக் ஃப்ளோ மீட்டர் என்று பெயர். மூச்சை நிறைய இழுத்து ஒரே ஊதலாக ஊதினால் ஒரு முள் நகர்ந்து எண்ணைக் காட்டும். என் நல்ல எண் முந்நூற்று ஐம்பது. இருநூற்று எண்பதுக்கு மேல் பச்சை. நூற்று எழுபத்தைந்துக்குக் கீழே சிவப்பு. நடுவில் இருப்பது மஞ்சள்.

"இருபத்தெட்டு நாள் ஜெகதாப்பட்டினத்துலயே இருக்கட்டும்" என்றார் கோகிலாவிடம். "காலை, மாலை ஊதி எழுதட்டும். நோட்டைப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

கோகிலா என்னைப் பார்த்தாள். "சரி. ஆனா கடைசி நாள் நான் பையோட வருவேன்" என்றாள்.

வார்டைவிட்டுக் கிளம்பும்போது காதர் பாய் எழுந்து உட்கார்ந்தார். அவருக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. "உருகல் போடாம எழுதுங்க, கணக்கப்புள்ள" என்றார். ஸ்டெல்லா வாசல்வரை வந்து, மழை விட்டிருக்கிறதா என்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றினார். அந்த வார்டின் நீல நிறத் திரையும், பினாயில் வாசனையும், மூன்று மணிக்கு வரும் பால் காப்பியும் இப்போதும் எனக்கு அப்படியே இருக்கின்றன.

திங்கட்கிழமை முதல் கணக்கு. முதல் நாள் இருநூற்றுத் தொண்ணூறு. ஐந்தாம் நாள் முந்நூறு. பன்னிரண்டாம் நாள் முந்நூற்று முப்பது. பாக்கியம் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நிறுத்திவிட்டாள். நாற்பத்தாறு வருடப் பழக்கம் அது. "சாமி புகை வேணும்னு கேக்கலையே" என்று அவளே சொல்லிக்கொண்டாள். தாளிக்கும்போது என்னை மாடிக்கு அனுப்பினாள். ஒவ்வொரு பஃபுக்கும் பத்துவரை எண்ணினாள். இப்போது நிறுத்தாமல் எண்ணினாள்.

பதினெட்டாம் நாள் வியாழக்கிழமை. முந்தின நாள் ஐம்பத்தொரு படகு போயிருந்தது. விடிந்ததும் மாடியில் நின்று எண்ணினேன். நாற்பத்தெட்டுதான் வந்தது. மூன்று வரவில்லை. கீழே பெண்கள் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு மாரியம்மாளின் மகன் அந்த மூன்றில் ஒன்றில் போயிருந்தான். "அப்பா, நல்லாப் பாருங்கப்பா" என்று தலையை அண்ணாந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். கார்த்திகைக் கடைசிப் பனி. நான் துண்டுகூட எடுத்துப் போகவில்லை. இறங்கி வாங்க என்று பாக்கியம் நான்கு முறை கூப்பிட்டாள். எட்டரை மணிக்கு, ஒரு படகு மற்ற இரண்டையும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. இன்ஜின் கோளாறு. "அம்பத்தொண்ணு!" என்று மேலேயிருந்து கத்தினேன். அந்தக் கத்தலிலேயே நெஞ்சு விசில் அடித்தது.

மறுநாள் காலை ஊதினேன். இருநூற்று ஐம்பது. மறுபடி ஊதினேன். இருநூற்று நாற்பது. மூன்றாவது ஊதலில் இருநூற்று ஐம்பது. மூன்றில் பெரியதை எழுத வேண்டும் என்பது விதி.

நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாக்கியம் முள்ளைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது. எண் நன்றாகத் தெரியும்.

"முந்நூறுன்னு எழுதுங்க" என்றாள்.

"என்ன சொல்ற?"

"பேனா ஒங்க கையிலதான இருக்கு. இன்னும் ஒம்பது நாள். மருந்த நீங்க எடுத்துக்கங்க, அது பாட்டுக்குச் சரியாப் போகுது. அவ பையத் தூக்கிக்கிட்டு வந்தா நான் அந்த மாடியில போயி யார்கிட்ட பேசிக்கிட்டு இருப்பேன்?"

அவள் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு எண். ஆனால் முந்நூறு என்று எழுதிவிட்டால் மஞ்சள் கட்டத்தில் உள்ளதைச் செய்ததாக எழுத முடியாது. செய்தாலும் அது நோட்டில் இல்லாத வேலையாகிவிடும். டாக்டருக்குப் போன் செய்ய முடியாது. நாளை இன்னும் இறங்கினால் எதிலிருந்து இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு மூன்று முறை வந்ததை ஒன்று என்று ஆத்தாவிடம் நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

250 என்று எழுதினேன். பக்கத்தில் காரணம்: பனியில் இரண்டு மணி நேரம், துண்டு இல்லை.

பாக்கியம் அடுப்படிக்குள் போய்விட்டாள். ஸ்பேசரை எடுத்ததும் திரும்பி வந்து, முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நின்று எண்ணினாள். தாளில் எனக்கு எழுதியிருந்தபடி நீல மூடி, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பஃப். இருபது நிமிடம் கழித்து இருநூற்று எழுபது. மதியம் மறுபடி இருநூற்று அறுபது. டாக்டருக்குப் போன் செய்தேன். வீட்டில் கொடுத்து வைத்திருந்த மாத்திரையை ஐந்து நாள் போடச் சொன்னார். சனிக்கிழமை இருநூற்று எழுபத்தைந்து. ஞாயிறு காலை இருநூற்றுத் தொண்ணூறு. மருத்துவமனை பக்கம் போகாமல், யாரையும் எழுப்பாமல், எந்த வேனிலும் ஏறாமல் மஞ்சளிலிருந்து பச்சைக்கு வந்துவிட்டேன். அப்பாவால் ஒருநாளும் முடியாதது அது.

இருபத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பத்தே முக்காலுக்குக் கோகிலா வந்தாள். கையில் இரண்டு பெரிய பை. ஒன்று காலி, மற்றதில் ஏதோ இருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் நோட்டைக் கேட்டாள். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தாள். பத்தொன்பதாம் நாளில் விரல் நின்றது.

"இது என்னப்பா, எறநூத்தி அம்பது?"

"பனியில் நின்றேன்."

"படகா?"

"ஆமாம்."

"இத மாத்தி எழுதியிருக்கலாமே. எனக்கு எப்படித் தெரியும்?"

"எழுதியிருக்கலாம்."

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீ ஒண்ணும் சொல்லலையா?"

உள்ளேயிருந்து தேங்காய் துருவும் சத்தம் மட்டும் வந்தது. ஒரே மூடியை ரொம்ப நேரமாகத் துருவிக்கொண்டிருந்தாள்.

கோகிலா அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தாள். என்ன செய்தேன், எத்தனை மணிக்குச் செய்தேன், யாருக்குப் போன் செய்தேன் என்று ஒன்பது வரி இருந்தது. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருபத்தெட்டும் பச்சையா இருந்திருந்தா இன்னைக்கே கார்ல ஏத்திருப்பேன்பா" என்றாள். "ஒரு வார்த்த நம்பியிருக்க மாட்டேன்."

அடுப்படியில் துருவல் நின்றது.

"மாடிக்குப் போனா மூக்கையும் வாயையும் மூடித் துண்டு கட்டிக்கிட்டுப் போங்க. அத அந்தத் தாள்லயும் எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு, காலிப் பையை மடித்துத் தன் கைப்பைக்குள் செருகினாள். மற்றப் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து என் மடியில் வைத்தாள். மருத்துவமனை ரசீதுகள், மருந்துக் கடைச் சீட்டுகள், பரிசோதனைக் கூடத்துச் சீட்டுகள், ஆம்புலன்ஸ் ரசீது. தேதி வாரியாகக் குத்தியிருந்தாள்.

"நான் இன்னும் கூட்டிப் பாக்கலப்பா" என்றாள். "கணக்கு ஒங்களோடது. நீங்களே கூட்டிக்கங்க."

நாற்பத்தொரு சீட்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு முறை கூட்டினேன். கீழிருந்து மேலாக ஒரு முறை கூட்டினேன். இரண்டும் ஒன்றாக வந்தது. அறுபத்தெட்டாயிரத்து நானூற்று எழுபத்தைந்து ரூபாய்.